ஆகாயக் கப்பலும் ஓர் எக்ஸெல் ஷீட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சினிமா பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். இந்த எக்ஸெல் என்று ஒன்று இருக்கிறதே, கட்டம் கட்டமாக, அது எதற்கு?" வீட்டு வரவு செலவு எழுதலாம், வட்டி கணக்குப் போடலாம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் எவ்வளவு சக்தி அடைந்து கிடக்கிறது என்பது அப்படிச் சொன்னால் புரியாது. அதனால் இந்த மாதம் வேறு ஒரு வழியில் போவோம். நூறு வருடத்துக்கு முன் ராணுவங்கள் போட்டி போட்டுக் கட்டிய ராட்சத ஆகாயக் கப்பல்களைப் பற்றிப் பார்ப்போம். அவற்றில் ஒன்று இந்தியாவுக்குப் புறப்பட்டு, வந்து சேராமலே போனது.

கம்ப்யூட்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்தில் 'கம்ப்யூட்டர்', 'கால்குலேட்டர்' என்பவை மெஷினின் பெயர்கள் அல்ல. அவை மனிதர்கள் பார்த்த வேலையின் பெயர்கள். காலை முதல் மாலை வரை உட்கார்ந்து கணக்குப் போடுவதற்குச் சம்பளம் வாங்கியவர்களை அப்படி அழைத்தார்கள். ஆகாயக் கப்பலின் கதையில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பலூன் வேறு, ஆகாயக் கப்பல் வேறு

கல்யாண வீட்டில் கட்டும் பலூனில் காற்றை இறக்கினால் என்ன ஆகும்? சுருங்கிப் போகும். விளம்பரத்துக்குப் பறக்கவிடும் பெரிய பலூன் கப்பல்களும் பெரும்பாலும் அந்த ரகம்தான். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம்தான் அவற்றுக்கு உருவம் கொடுக்கிறது. நாம் பார்க்கப் போவது இந்த ரகம் அல்ல. அதற்கு எலும்புக்கூடு உண்டு. அலுமினியக் கலவை உலோகத்தில் வளையம் வளையமாகச் செய்து, நீளவாட்டில் கம்பங்களால் இணைத்து, மேலே துணி போர்த்தி விடுவார்கள். உள்ளே பத்துப் பதினைந்து தனித்தனிப் பைகளில் ஹைட்ரஜன் வாயு இருக்கும். வாயு முழுவதையும் எடுத்துவிட்டாலும் கப்பல் தன் உருவத்தில் அப்படியே நிற்கும்.

அந்தப் பைகளை எதில் செய்தார்கள் தெரியுமா? மாட்டுக் குடலின் மெல்லிய தோலில். ஹைட்ரஜன் கசியாமல் தாங்குகிற, எடையும் குறைந்த பொருளாக அன்று அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். ஒரு கப்பலுக்கு லட்சக்கணக்கான மாடுகளின் குடல் தேவைப்பட்டது.

இந்த வகைக் கப்பலை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்டினாண்ட் வான் செப்பலின். குதிரைப் படையிலிருந்து ஓய்வு பெற்ற தளபதி. 128 மீட்டர் நீளமுள்ள அவருடைய முதல் கப்பல் 1900 ஜூலை 2-ம் தேதி கான்ஸ்டன்ஸ் ஏரியின் மேல் பறந்தது. 1908-ல் அவருடைய நான்காவது கப்பல் எக்டர்டிங்கன் என்ற ஊரில் தீப்பிடித்து அழிந்தபோது, ஜெர்மானிய மக்கள் தாங்களாகவே 60 லட்சம் மார்க்குக்கு மேல் நன்கொடை திரட்டிக் கொடுத்தார்கள். ராணுவமும் கடற்படையும் வாங்கத் தொடங்கின. பிறகு அவர் பெயரே கப்பலுக்கும் பெயராகிவிட்டது.

முதல் உலகப் போர் வந்தது. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு ஜெர்மன் கடற்படையின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியது நமக்குத் தெரியும். தென் மாவட்டங்களில் இன்றும் கெட்டிக்கார ஆளைப் பார்த்து "அவன் சரியான எம்டன்" என்கிறோம். அதே கடற்படை நான்கே மாதத்தில், 1915 ஜனவரி 19-ம் தேதி இரவு, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் செப்பலின்களைக் கொண்டு குண்டு போட்டது. மே 31-ம் தேதி லண்டன் மீதும் குண்டு விழுந்தது. போர் முடிவதற்குள் ஆகாயக் கப்பல் தாக்குதலில் பிரிட்டனில் ஐநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எண்ணிக்கையைவிடப் பயம்தான் பெரியது. போர்க்களத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வீட்டில் தூங்குகிறவர் மேல் வானத்திலிருந்து குண்டு விழும் என்பதை லண்டன்வாசிகள் அப்போதுதான் பார்த்தார்கள்.

பிரிட்டன் மண்ணின் மேல் அப்படி வந்த ஒரு கப்பலை முதன்முதலில் சுட்டு வீழ்த்தியவர், நமக்குப் பக்கத்து மாநிலத்தில் பிறந்தவர். குடகில் பொலிபெட்டா என்ற இடத்தில் காபித் தோட்டக்காரர் வீட்டில் 1895-ல் பிறந்த வில்லியம் லீஃப் ராபின்சன். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் படித்தவர். 1916 செப்டம்பர் 2-ம் தேதி இரவு கிளம்பி, 3-ம் தேதி அதிகாலையில் தன் சிறிய விமானத்திலிருந்து தீப்பிடிக்கும் தோட்டாக்களால் சுட்டு, எஸ்எல்-11 என்ற கப்பலை எரித்தார். அது செப்பலின் கம்பெனியுடையது அல்ல, மரச் சட்டத்தில் செய்த வேறொரு ஜெர்மன் கம்பெனியின் கப்பல். விக்டோரியா கிராஸ் விருது பெற்ற ராபின்சன், போரில் தப்பி 1918 டிசம்பர் 31-ம் தேதி விஷக் காய்ச்சலில் இறந்துபோனார்.

காப்பி அடித்ததில் விட்டுப்போனது

தோட்டாவுக்குப் பயந்து ஜெர்மானியர்கள் உயரே போகத் தொடங்கினார்கள். உயரே போக வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். எனவே எலும்புக்கூட்டை மெலிதாக்கினார்கள். 1917-ல் வந்த இந்த உயரம் ஏறும் கப்பல்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. காற்று அடர்த்தியாக இருக்கும் தாழ்வான உயரத்தில் வேகமாகப் போய்ச் சட்டென்று திரும்பக் கூடாது. திரும்பினால் சட்டம் தாங்காது.

சுட்டு வீழ்த்திய கப்பல்களின் மிச்சங்களை அளந்து பார்த்துத்தான் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் கப்பல்களைக் கட்டினார்கள். 1916 செப்டம்பரில் எசெக்ஸ் மாவட்டத்தில் விழுந்த எல்-33 அவர்களுக்கு ஒரு பாடப்புத்தகமாகவே ஆனது. அதைப் பார்த்துக் கட்டிய ஆர்-34 கப்பல் 1919 ஜூலையில் 108 மணி நேரம் பறந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கா போனது. அதுவரை சரி.

அடுத்து ஆர்-38. இது உயரம் ஏறும் கப்பல்களைப் பார்த்து மெலிதாகக் கட்டியது. அமெரிக்கக் கடற்படை அதை விலைக்குக் கேட்டிருந்தது. 1921 ஆகஸ்ட் 24-ம் தேதி ஹல் நகரத்துக்கு மேல் சோதனை ஓட்டம் நடந்தது. தாழ்வான உயரத்தில், நல்ல வேகத்தில், சுக்கானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேகமாகத் திருப்பிப் பார்த்தார்கள். கப்பல் நடுவில் ஒடிந்தது. உள்ளே இருந்த 49 பேரில் 44 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் கப்பலை வாங்க வந்த அமெரிக்கர்கள். கப்பலை வடிவமைத்த கேம்ப்பெல் என்பவரும் அதில் இருந்தார்.

விசாரணையில் வெளிவந்த விஷயம்தான் முக்கியம். கப்பல் நின்றபடி மிதக்கும்போது ஒவ்வொரு கம்பத்திலும் எவ்வளவு பாரம் விழும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஓடும்போதும் திரும்பும்போதும் காற்று அதன் உடம்பில் எவ்வளவு விசையோடு மோதும் என்ற கணக்கைப் போடவே இல்லை.

சாப்ட்வேர் துறையில் இருப்பவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான வியாதி. யாரோ எழுதிய புரோகிராமை எடுத்து அப்படியே நம் புராஜெக்டில் ஒட்டுவோம். ஓடும். ஆனால் அதை எழுதியவர் மனதில் வைத்திருந்த நிபந்தனை கோடில் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. எல்-48 போன்ற கப்பல்களின் சிதைவுகளை அளந்தவர்களுக்கு ஒவ்வொரு கம்பத்தின் தடிமனும் கிடைத்தது. "தாழப் பறந்து திரும்பாதே" என்ற நிபந்தனையை எந்த அளவுகோலாலும் அளக்க முடியாதே!

ஏழு விடை தெரியாத எண்கள்

இதற்குப் பிறகு பிரிட்டன் உஷாரானது. 1924-ல் பெரிய திட்டம் ஒன்று போட்டார்கள். இங்கிலாந்தை இந்தியா, கனடா, ஆஸ்திரேலியாவோடு ஆகாயக் கப்பலால் இணைப்பது. பயணிகளுக்கும் தபாலுக்கும் என்று வெளியே சொன்னாலும், தேவைப்பட்டால் 200 சிப்பாய்களை ஏற்றவும், ஐந்து சண்டை விமானங்களைச் சுமக்கவும் முடியும்படி கேட்டிருந்தார்கள். சாம்ராஜ்யத்தின் ஒரு மூலையில் கலகம் வந்தால் சில நாளில் படை போய் இறங்க வேண்டும் என்பதுதான் ஆசை. இரண்டு கப்பல்கள் கட்டுவது என்று முடிவானது. ஆர்-100 தனியார் கம்பெனி கட்ட வேண்டும். ஆர்-101 அரசாங்கத்தின் விமான அமைச்சகமே கட்டும்.

ஆர்-100 கட்டிய குழுவின் தலைமை வடிவமைப்பாளர் பார்ன்ஸ் வாலிஸ். அவருக்குக் கீழே தலைமைக் கால்குலேட்டராக வேலைக்குச் சேர்ந்தவர் நெவில் ஷூட் நார்வே. பின்னாளில் நெவில் ஷூட் என்ற பெயரில் புகழ்பெற்ற நாவலாசிரியர். தன் இளமைக்கால அனுபவத்தை 1954-ல் வெளிவந்த 'ஸ்லைடு ரூல்' என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார். என்னைப் போன்றவர்களுக்கு அது திகில் கதை மாதிரி.

அவர்களுடைய சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகாயக் கப்பலின் ஒவ்வொரு வளையமும் ஏறக்குறைய அப்படித்தான். வெளியே ரிம் மாதிரி ஒரு பலகோணச் சட்டம், நடுவிலிருந்து ஸ்போக் மாதிரிக் கம்பிகள். கம்பியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. தள்ளினால் தொய்ந்துவிடும். தொய்ந்த கம்பி எந்தப் பாரத்தையும் தாங்காது. எனவே ஒரு குறிப்பிட்ட பாரத்தில் எந்தெந்தக் கம்பி விறைப்பாக இருக்கும், எது தொய்யும் என்பது முதலில் தெரிந்தால்தான் கணக்கைத் தொடங்கலாம். ஆனால் கணக்கை முடித்தால்தான் அது தெரியும்!

என்ன செய்தார்கள்? ஊகித்தார்கள். இன்ன கம்பிகள் தொய்யும் என்று வைத்துக்கொண்டு, ஏழு விடை தெரியாத எண்கள் வரை உள்ள சமன்பாடுகளை எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் கழித்துத் தீர்த்தார்கள். கையில் இருந்த கருவி புல்லர் ஸ்லைடு ரூல். உருளை மேல் சுருளாகச் சுற்றிய சுமார் 41 அடி நீள அளவுகோல் அது. சாதாரண ஸ்லைடு ரூலைவிடத் துல்லியமானது. பென்சிலால் பக்கம் பக்கமாக எழுதி, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், தொய்யும் என்று நினைத்த கம்பி விறைப்பாக இருக்கிறது என்று விடை வரும். அல்லது நேர்மாறாக. அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு வேறு ஊகத்தோடு மறுபடி முதலிலிருந்து. ஒரு வளையத்தின் கணக்குக்கு இரண்டு பேருக்கு இரண்டு மூன்று மாதம் ஆனது என்கிறார் ஷூட். கடைசியில் எல்லா விசைகளும் ஒன்றுக்கொன்று சமன் ஆகி விடை கூடி வரும்போது, அது கிட்டத்தட்ட பக்தி அனுபவம் போல இருந்தது என்று எழுதுகிறார்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டரைத் திறங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்துக்கொள்ளலாம். ஏழு எண்களுக்கு முன்னால் இரண்டு எண்களில் பழகுவோம். ஒருவர் டீக்கடையில் 2 டீயும் 3 வடையும் சாப்பிட்டு 54 ரூபாய் கொடுத்தார். இன்னொருவர் 3 டீ, 1 வடைக்கு 46 ரூபாய் கொடுத்தார். டீ என்ன விலை, வடை என்ன விலை?

ஏ1 செல்லில் 2, பி1-ல் 3, ஏ2-ல் 3, பி2-ல் 1 என்று டைப் செய்யுங்கள். டி1-ல் 54, டி2-ல் 46. இனி விடை வர வேண்டிய எப்1, எப்2 இரண்டு செல்களையும் மவுஸால் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, இந்தப் பார்முலாவை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்: =எம்மல்ட்(எம்இன்வர்ஸ்(ஏ1:பி2),டி1:டி2). கால்க்கில் செல்களின் நடுவே கமா வேலை செய்யாவிட்டால் அரைப்புள்ளி போடுங்கள். முடித்ததும் சும்மா என்டர் தட்டாமல், கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டுங்கள். புதிய எக்ஸெல்லில் வெறும் என்டரே போதும். எப்1-ல் 12, எப்2-ல் 10. டீ 12 ரூபாய், வடை 10 ரூபாய்.

பார்முலாவைக் கண்டு பயப்பட வேண்டாம். எம் என்பது மேட்ரிக்ஸ். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் விளக்கிவிடுவார்கள். ஏழு எண்களுக்கும் இதே பார்முலாதான். ஏ1 முதல் ஜி7 வரை 49 செல்களில் எண்களைப் போட்டு, ஐ1 முதல் ஐ7 வரை வலப்பக்க எண்களைக் கொடுத்தால், என்டர் தட்டிய கணமே ஏழு விடையும் வந்து நிற்கும். விடை ஒன்றில் மைனஸ் குறி வந்தால் அந்தக் கம்பி தள்ளுகிறது என்று அர்த்தம். கம்பிதான் தள்ளாதே! அதை நீக்கிவிட்டு மறுபடி ஓடவிட வேண்டியதுதான். ஷூட்டின் ஆட்களுக்கு ஒரு மாதம் எடுத்த சுற்று நமக்கு ஒரு என்டர்.

ஆனால் ஒன்று. எந்தச் சமன்பாட்டை எழுதுவது என்று சொல்லித் தருவதற்கு இதில் பட்டன் கிடையாது. அதை ஷூட்டும் வாலிஸும் தலையால்தான் செய்தார்கள்.

ஆர்-100 1930 ஜூலை 29-ம் தேதி புறப்பட்டு 78 மணி நேரத்தில் கனடா போய்ச் சேர்ந்து, ஆகஸ்டில் பத்திரமாகத் திரும்பியது.

இந்தியாவின் வெயில்

கனடாவுக்கு ஆர்-100 போனதற்கும் இந்தியாவுக்கு ஆர்-101 என்று ஒதுக்கியதற்கும் காரணம் வெயில். ஆர்-100-ல் இருந்தவை பெட்ரோல் இன்ஜின்கள். வெப்ப நாடுகளில் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும் என்று பயந்தார்கள். ஆர்-101-க்கு ஐந்து டீசல் இன்ஜின்கள். எதிர்பார்த்ததைவிட எடை அதிகம், சக்தி குறைவு. ஆரம்பச் சோதனைகளில் அந்த ஐந்தில் ஒன்று, கப்பல் பின்னோக்கி நகர்வதற்கு மட்டுமே. மற்ற நேரமெல்லாம் அது வெறும் சுமை!

கப்பலைக் கட்டி முடித்து 1929-ல் எடை பார்த்தார்கள். ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்த்துச் சுமக்க வேண்டிய எடை 60 டன் என்று திட்டமிட்டிருந்தார்கள். கிடைத்தது 35 டன்தான். இந்தியாவுக்குப் போவதற்கு அது போதவே போதாது. ஏன் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டீக்கடைக் கணக்கை விட்டுவிட்டு ஷீட் 2-க்கு வாருங்கள்.

சூடான காற்று லேசானது. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று எத்தனை கிலோ என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி: 353-ஐ, வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டி வருவதால் வகுத்தால் போதும். ஹைட்ரஜனின் எடை காற்றில் சுமார் 7 சதவீதம். ஆகவே ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன், காற்றின் எடையில் 93 சதவீதத்தைத் தூக்கும். நீட்டிக் கட்டிய பின் ஆர்-101-ன் கொள்ளளவு 55 லட்சம் கன அடி, அதாவது சுமார் 1,55,700 கன மீட்டர்.

ஏ2-ல் 10, ஏ3-ல் 35, ஏ4-ல் 38 என்று வெப்பநிலையை டைப் செய்யுங்கள். பி2-ல் =353/(ஏ2+273). சி2-ல் =பி2*0.93*155700/1000. இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் இருக்கும் குட்டிச் சதுரத்தைப் பிடித்து நான்காவது வரிசை வரை இழுத்துவிடுங்கள்.

இங்கிலாந்தின் அக்டோபர் இரவுக்கு 10 டிகிரி என்று வைத்தால் சி2-ல் 180.6 வரும். சுத்தமான ஹைட்ரஜன், பைகள் முழுக்க நிரம்பியிருந்தால் இத்தனை டன் எடையைக் காற்று தாங்கும். 35 டிகிரியில் அது 166. எங்கள் எட்டயபுரத்துக் கரிசல் காட்டில் சித்திரை மாத மதியம் 38 டிகிரி சர்வசாதாரணம். அதற்கு 164.4. அதாவது கப்பலில் எதையும் புதிதாக ஏற்றாமலே, குளிரிலிருந்து வெயிலுக்கு வந்த ஒரே காரணத்தால் 15, 16 டன் போய்விடுகிறது. கப்பலின் சொந்த எடை குறையாது. ஆகவே இந்த இழப்பு முழுவதும் சுமக்கும் திறனில்தான் விழும். 35 டன் சுமக்கும் கப்பலில் 15 போனால் மிச்சம் எவ்வளவு?

இதை ஜெர்மானியர்கள் ஏற்கெனவே அனுபவித்திருந்தார்கள். 1917 நவம்பரில், கிழக்கு ஆப்பிரிக்காவில் சிக்கியிருந்த தங்கள் படைக்கு மருந்தும் தோட்டாவும் கொண்டு எல்-59 கப்பல் பல்கேரியாவிலிருந்து கிளம்பியது. பாலைவனப் பகல் வெயிலில் ஹைட்ரஜன் விரிந்து வால்வு வழியே வெளியேறியது. இரவுக் குளிரில் மிச்ச வாயு சுருங்கிக் கப்பல் கீழே இறங்கி, தரையில் மோதப் பார்த்தது. சூடான் வரை போனபின், திரும்பி வரும்படி ரேடியோவில் உத்தரவு வந்து திரும்பியது. 95 மணி நேரம், 6,700 கிலோ மீட்டருக்கு மேல், எங்கும் இறங்காமல்.

ஆர்-101-ஐ என்ன செய்தார்கள்? எடையைக் குறைக்கக் கழற்ற முடிந்ததைக் கழற்றினார்கள். வாயுப் பைகள் இன்னும் விரிய இடம் கொடுத்துக் கம்பிகளைத் தளர்த்தினார்கள். பைகள் சட்டத்தில் உரசி ஓட்டை விழுந்தது. உரசும் இடங்களில் எல்லாம் பஞ்சுத் திண்டு கட்டினார்கள். போதவில்லை. 1930 கோடையில் கப்பலை நடுவில் இரண்டாக வெட்டி, 45 அடி நீளத் துண்டு ஒன்றைச் செருகினார்கள். நீளம் 777 அடி ஆனது. நம் தஞ்சைப் பெரிய கோவில் விமானம் 216 அடி. அதைப் படுக்க வைத்து, அதுபோல மூன்றரை விமானங்களை வரிசையாக அடுக்கினால் வரும் நீளம்.

கராச்சியில் அதற்காக ஒரு பிரம்மாண்டமான கொட்டகையும், கப்பலைக் கட்டிப்போட உயரமான கம்பமும் தயாராக நின்றன. பிரிட்டிஷ் விமானத் துறை அமைச்சர் லார்டு தாம்சன் நாசிக்கில் பிறந்தவர். கப்பலில் இந்தியா போய், அக்டோபரில் லண்டனில் நடக்கும் சாம்ராஜ்ய மாநாட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்பது அவர் விருப்பம். தேதி முதலில் முடிவானது, சோதனை அதற்குள் அடங்க வேண்டியதாயிற்று. நீட்டிக் கட்டியபின் ஒரே ஒரு சோதனை ஓட்டம், அக்டோபர் 1-ம் தேதி. ஒரு இன்ஜினில் கோளாறு ஏற்பட்டதால் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவே இல்லை. சாப்ட்வேர் வேலையில் 'ரிலீஸ் தேதி' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இந்தக் கப்பல் ஞாபகம் வரும்.

1930 அக்டோபர் 4-ம் தேதி மாலை, 54 பேரோடு, மழையிலும் காற்றிலும் ஆர்-101 கார்டிங்டனிலிருந்து கராச்சிக்குப் புறப்பட்டது. வழியில் எகிப்தின் இஸ்மாயிலியாவில் கப்பலுக்குள்ளேயே விருந்து ஏற்பாடாகியிருந்தது. பிரான்சைக்கூடத் தாண்டவில்லை. நள்ளிரவு 2 மணி கடந்து போவே நகரத்துக்கு அருகே முக்கு தாழ்ந்து, மெதுவாகத்தான் தரையில் மோதியது. பிறகு ஹைட்ரஜன் பற்றிக்கொண்டது. 48 பேர் இறந்தார்கள். லார்டு தாம்சனும், கப்பலை வடிவமைத்த ரிச்மண்டும் அதில் அடக்கம்.

விசாரணைக் குழுவுக்குத் தலைவராக வந்தவரை நம் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். 1928-ல் "சைமனே திரும்பிப் போ" என்று கறுப்புக் கொடி காட்டினார்களே, அதே சர் ஜான் சைமன். 1931-ல் அவர் கொடுத்த அறிக்கை, முன்பக்க மேல்துணி கிழிந்து முன்புற வாயுப் பை சேதமாகி வாயு வெளியேறியிருக்க வேண்டும் என்றது. எலும்புக்கூட்டின் பலத்தைக் குறை சொல்லவில்லை. ஆர்-38-க்குப் போடாமல் விட்ட கணக்கை இதற்குப் போட்டிருந்தார்கள். அந்தப் பாடம் படித்தாயிற்று. எடைக் கணக்கும் 1929-லேயே தெரிந்துதான் இருந்தது. என்னைக் கேட்டால், ஆர்-38-ஐ விட இதுதான் மனசைப் பிசைகிறது. 60-க்குப் பதில் 35 என்று காகிதத்தில் விடை வந்த பிறகும், புறப்படும் தேதியை யாரும் அழிக்கவில்லை.

பிரிட்டன் அதோடு ஆகாயக் கப்பலை மறந்தது. ஒழுங்காகக் கனடா போய் வந்த ஆர்-100-ஐயும் 1931-ல் உடைத்து இரும்புக் கடைக்குப் போடுவது போலப் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, 1932 அக்டோபர் 15-ம் தேதி, அதே கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா ஒரு சின்னஞ்சிறு விமானத்தில் தபால் மூட்டையோடு பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். கராச்சிக் கொட்டகை எந்த ஆகாயக் கப்பலையும் பார்க்காமலே நின்று, 1960-களில் இடிக்கப்பட்டது.

இப்போது?

அமெரிக்கக் கடற்படை இன்னும் கொஞ்ச காலம் முயன்றது. தீப்பிடிக்காத ஹீலியம் அவர்களிடம்தான் இருந்தது. ஆனால் ஷெனாண்டோவா 1925-ல் புயலில் ஒடிந்து 14 பேர், ஏக்ரன் 1933 ஏப்ரலில் கடலில் விழுந்து 73 பேர் என்று உயிர்கள் போயின. வயிற்றுக்குள் விமானங்களைச் சுமந்த மேக்கன் 1935-ல் கடலில் விழுந்தது. ராணுவத்தில் எலும்புக்கூடு வைத்த ஆகாயக் கப்பலின் கதை ஏறக்குறைய அதோடு முடிந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஹிண்டன்பர்க் 1937-ல் எரிந்தது பயணிகள் கப்பல்.

நம் நாட்டு டிஆர்டிஓ அமைப்பின் ஆக்ரா ஆய்வுக்கூடம் செய்த ஒரு ஆகாயக் கப்பல், 2025 மே 3-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷியோப்பூரிலிருந்து சுமார் 17 கிலோ மீட்டர் உயரத்துக்கு ஏறி 62 நிமிடம் பறந்தது. கண்காணிப்பு வேலைக்கானது, ஆள் கிடையாது. எலும்புக்கூடு உள்ள கப்பலை மறுபடி கட்டியிருப்பவர் யார் தெரியுமா? கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்ஜி பிரின். அவர் பணம் போட்ட எல்டிஏ ரிசர்ச் கம்பெனியின் பாத்ஃபைண்டர்-1, சுமார் 124 மீட்டர் நீளம், கார்பன் ஃபைபர் குழாய்களால் ஆன சட்டம். 2024 அக்டோபரில் திறந்த வெளியில் கயிறு கட்டாமல் பறந்தது. அதன் இருப்பிடம் கலிபோர்னியாவின் மாஃபெட் ஃபீல்டு, மேக்கன் கப்பல் நின்ற அதே விமானதளம்.

அது ஹீலியத்தில் பறக்கிறது. ஹீலியம் ஹைட்ரஜனைவிடக் கொஞ்சம் கனம். எவ்வளவு நஷ்டம் என்று பார்க்க ஷீட் 2-ல் சி2 செல்லுக்குப் போய் 0.93 என்பதை 0.86 என்று மாற்றி, மறுபடி கீழே இழுங்கள். 35 டிகிரிக்கு 153.5 வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். மறக்காமல் பைலை சேவ் செய்துவிட்டு மூடுங்கள்.